பெற்றோரின் இதயமும் பிள்ளைகளின் தமிழும்

நாம் வாழும் இந்நாட்டின் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலையிலேதான், 1977 செப்டெம்பர் 16ஆம் நாள், அந்திரேயாஸ் குறூன்சிக் என்னும் வைத்தியர் 38 வயதுடைய ஒருவரின் நெஞ்சைப் பிளக்காமலே, இதயத்தின் ஒடுங்கிய குருதிக்குழாயைச் சிறு பலூன் ஒன்றினால் விரித்தார். அப்பலூன்களை அவர் தமது வீட்டுச் சமையலறை மேசையிலேயே செய்து பழகினார் என்பர். இன்று உலகெங்கும் நடைபெறும் சிகிச்சை அது.

ஆயினும் பலூன் அடைப்பை நீக்குமேயன்றி அடைத்த காரணத்தை நீக்காது. 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புகளிற் பத்தில் ஒன்பதுக்கு ஒன்பது காரணங்களே பொறுப்பெனக் கண்டது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு என்பன அவற்றுட் சில. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டவரை மாரடைப்பு ஏனையோரிலும் ஏறத்தாழ ஆறாண்டு முந்தி, 53 வயதளவில், தாக்குவதையும் அவ்வாய்வின் தரவுகள் 2007இற் காட்டின. பிள்ளை படிப்பை முடிக்கும் வயதல்லவா அது!

உணவகச் சமையலறையில் நள்ளிரவு வரை நின்று, வீடு வந்து சோறுண்டு படுக்கும் தந்தையரை நாம் குறைகூற வரவில்லை. நாமும் அவ்வாறே வாழ்ந்தோம். ஆனால் "எனக்கொரு வருத்தமுமில்லை" என்னும் பேச்சை ஏற்கமாட்டோம். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிப்பதில்லை, அளந்தாலன்றித் தெரியாது.

இன்னொன்று. வைத்தியரிடம் மொழிபெயர்க்கச் செல்லும் பிள்ளை 'புளூட்றுக்' என்பதை அறியும். 'இரத்த அழுத்தம்' என்பதை அறியாது. "ஏதோ கூடவாம்" என்கிறது. தந்தையும் தலையசைத்துத் திரும்புகிறார். எமது மேல்வகுப்புகளில் உடல், நோய், மருந்து பற்றிய சொற்களையும் கற்பித்தல் வேண்டும். பேச்சுப்போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை அதற்குத் தரலாம்.