தைரியம் சொன்னது போதும், வாசலை அகலமாக்குங்கள்

தோழர்களே, தென்னை ஏறுவது யார்? சாரத்தில் நின்று பூச்சு வேலை செய்வது யார்? விழுந்து முதுகுத்தண்டுவடம் அறுபட்டுப் படுத்தவர்களில் நம் சேரி ஆட்கள் இருப்பது விதியல்ல, வேலைப் பிரிவினை.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் காலனிகளில் நாங்கள் பார்ப்பது இதுதான்: சக்கர நாற்காலி நுழையாத தொகுப்பு வீடு, மழை பெய்தால் சேறாகும் தெரு, வீட்டுக்குப் பின்னால் எட்டாத கழிப்பறை. மூத்திரப் பையை மாற்ற மகளைக் கூப்பிடக் கூசி, தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார் அப்பா. தொற்று வருகிறது, காய்ச்சல் வருகிறது, "செத்தால் தேவலை" என்ற பேச்சும் வருகிறது. அவரிடம் போய் "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறோம்!

வேலூரின் மேரி வர்கீஸை உதாரணம் காட்டுவார்கள். 1954 விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் உறுதி பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு மருத்துவமனையே நின்றது. நம்மவருக்குப் பின்னால் நிற்பது யார்?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி, வர்க்கம், ஊனம் பார்க்காமல், தொலைதூரம் அலையவிடாமல் சிகிச்சை தரச் சொல்கிறது. அப்படியானால் ஆலோசகர் காலனிக்கு வரட்டும். சாய்தளமும் கழிப்பறையும் அவரோடு வரட்டும். அவையும் மனநல சிகிச்சைதான்.

மாணவர்களே, இந்த வாரம் ஓர் அளவுநாடாவோடு காலனிக்குப் போங்கள். வாசல்களை அளந்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அனுதாபம் வேண்டாம். உரிமையைக் கேட்போம்.