ஒரு யூனிட் மின்சாரம் 243 ரூபாய்! இது என்ன கணக்கு?

வாலிகண்டபுரம் கடைத்தெருவிலே நின்று, போகிற வருகிற எவரையும் கேட்டுப் பாருங்கள். மக்காச்சோளம் மூட்டை என்ன விலை, பருத்தி குவிண்டால் என்ன விலை என்று காசு சுத்தமாகச் சொல்லுவார்கள். "உங்கள் வீட்டு மின்சாரம் யூனிட் என்ன விலை?" என்று கேளுங்கள்; பதில் வராது. நம் ஜனங்களுக்குக் கணக்குத் தெரியாது என்பதாலா? இல்லவே இல்லை! ஒரே பொருளுக்கு ஏழெட்டு விலை வைத்து, எது எப்போது தன் தலையில் விழும் என்பது வாங்குகிறவனுக்கே தெரியாதபடி கணக்கை அமைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கை உடைத்துப் பார்ப்போம்.

யூனிட் என்பது என்ன? ஆயிரம் வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி தினம் 12 மணி நேரம் சுற்றினால் அறுபது நாளில் 54 யூனிட். இரண்டு விசிறி என்றால் 108. ஆக, 2016-ல் எல்லா வீடுகளுக்கும் வந்த 100 யூனிட் இலவசம் இரண்டு விசிறிகளோடு தீர்ந்தது. 2006-க்குப் பின் ஒரு சர்க்கார் டி.வி. கொடுத்தது, 2011-க்குப் பின் இன்னொரு சர்க்கார் மிக்சி, கிரைண்டர், விசிறி கொடுத்தது. சாமானை இனாமாகக் கொடுத்தார்கள்; மீட்டர் ஓடுவதை யார் நிறுத்துவது?

2024 ஜூலை 1 முதல் வீடுகளுக்கு வந்த விகிதம் இது. இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. அதற்கு மேல் 8 ரூபாய் 40 காசு தொடங்கி 11 ரூபாய் 55 காசு வரை. 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,805 ரூபாய்.

இனி 501-வது யூனிட்டைப் பாருங்கள். அதன் விலை 8 ரூபாய் 40 காசுதானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் பொறி இருக்கிறது! 500-ஐத் தாண்டிய நிமிஷமே, நீங்கள் முன்பே எரித்து முடித்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கொடுத்த சலுகையைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவற்றுக்கும் 4 ரூபாய் 70 காசு. ஆக 501 யூனிட்டுக்குக் கட்டணம் 2,048 ரூபாய் 40 காசு. ஒரே ஒரு யூனிட்டுக்காகக் கூடுதலாகச் செலுத்துவது 243 ரூபாய் 40 காசு! எந்த வட்டிக் கடைக்காரனும் வெட்கப்படுகிற கணக்கு இது.

"500-க்கு மேல் எரிப்பவன் வசதி உள்ளவன், அவன் கொடுக்கட்டுமே" என்பார்கள். வசதி உள்ளவன் அதிகம் கொடுக்க வேண்டும், இல்லாதவன் குறைவாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நமது கட்சியும். படிப்படியான விகிதத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மீட்டர் ஆளைப் பார்க்கிறதா?

கிராமத்தில் தாய் தகப்பன், கல்யாணமான இரண்டு பிள்ளைகள், பேரக் குழந்தைகள் என்று மூன்று அடுப்பு எரிகிற ஒரே வீட்டை நினையுங்கள். ஒரே மீட்டர். அடுப்புக்கு 170 வீதம் மொத்தம் 510 யூனிட். கட்டணம் 2,124 ரூபாய். இதே மூன்று குடும்பங்களும் தனித்தனி மீட்டர் வைத்திருந்தால் குடும்பத்துக்கு 164 ரூபாய் 50 காசு; மூன்றும் சேர்ந்து 493 ரூபாய் 50 காசு. பட்டணத்திலே மூன்று மாடிக்கு மூன்று இணைப்பு வைத்திருப்பவனுக்கு மூன்று முறை இலவசம். சேர்ந்து வாழ்கிற ஏழைக்கு நாலு மடங்குக்கு மேல் பில்! இதுவா பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடுப்பது?

அடுத்தது தேதி விவகாரம். விகிதம் அறுபது நாளுக்கு. கணக்கெடுக்க வருகிறவர் அறுபத்து நான்காம் நாள் வந்தால்? நாளுக்கு 8 யூனிட் எரிக்கிற வீட்டில் அறுபது நாளில் 480 யூனிட். கட்டணம் 1,679 ரூபாய். நான்கு நாள் தள்ளினால் 512 யூனிட். கட்டணம் 2,140 ரூபாய் 80 காசு. "அடுத்த தடவை முந்தி எடுத்தால் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்வார்கள். சரியாகிறதா? அடுத்த 56 நாளுக்கு 448 யூனிட். 1,477 ரூபாய் 40 காசு. இரண்டு பில்லும் சேர்ந்து 3,618 ரூபாய் 20 காசு. ஒழுங்காக எடுத்திருந்தால் 3,358 ரூபாய். எரித்த மின்சாரம் ஒன்றே. 260 ரூபாய் 20 காசு மட்டும் போனது போனதுதான்.

இதற்காகக் கணக்கெடுக்கிற தொழிலாளியின் மேல் நாம் பாயலாமா? கூடாது. காலி இடங்களை நிரப்பாமல், ஓர் ஆளை இரண்டு ஆள் வேலைக்கு ஓட்டினால் தேதி தவறத்தான் செய்யும். அவரும் நம்மைப் போல் உழைப்பாளியே. கேட்க வேண்டிய இடம் மேலே இருக்கிறது.

மேலே என்ன நடக்கிறது? 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணத்தை உயர்த்திய ஒழுங்குமுறை ஆணையம், அதோடு நிற்கவில்லை. விலைவாசிக் குறியீடு ஏறுகிற அளவுக்கு, 6 சதவீதத்துக்கு மிகாமல், ஜூலைதோறும் கட்டணமும் ஏறலாம் என்று 2026-27 வரை வழி செய்துவிட்டது. 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83, 2025-ல் 3.16. இவற்றில் 2023, 2025 உயர்வுகளை வீடுகளுக்கு மட்டும் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. 2024 உயர்வு வீட்டு வாசலுக்கே வந்தது. நாம் ஒன்று கேட்கிறோம்: விலைவாசி ஏறினால் மின்கட்டணம் தானாக ஏறுமாம், களை வெட்டுகிற பெண்ணின் கூலி தானாக ஏறுமா?

வாரியம் நஷ்டத்தில் இருக்கிறது என்பது மெய்தான். கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் கடன் வாலிகண்டபுரத்து விசிறி சுற்றியதால் வந்ததா? சொந்த மின் நிலையங்களைக் காலத்தில் கட்டாமல், தனியாரிடம் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கியதும், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியதும் அல்லவா காரணம்?

இந்த நோய்க்கு டில்லி சொல்லும் மருந்து ஸ்மார்ட் மீட்டர். 2021-ல் வந்த மத்தியத் திட்டம், முன்பணம் கட்டும் மீட்டரையும் அதைத் தனியார் கம்பெனி வைத்து நடத்துவதையும் நிபந்தனையாக்கியது. தமிழ்நாட்டு டெண்டரில் அதானி கம்பெனி கேட்ட தொகை மிக அதிகம் என்று 2024 டிசம்பரில் சர்க்காரே ரத்து செய்தது. நல்லதே. ஆனால் ஆபத்து போய்விடவில்லை. முன்பணம் தீர்ந்தால் விளக்கு அணையும் என்ற நிலை வந்தால், கூலி கைக்கு வராத வாரத்தில் குழந்தை எந்த வெளிச்சத்தில் படிக்கும்?

மாதந்தோறும் கணக்கு எடுப்போம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி தந்தது. அந்த அணிக்கு இடதுசாரிகளும் வாக்குக் கேட்டோம்; ஆகவே கேள்வி கேட்கிற கடமையும் நமக்கு உண்டு. 2025 முடியும் வரையில் அது நடக்கவில்லை. மாதக் கணக்கு மந்திரக்கோல் அல்ல. விகித எல்லைகளைப் பாதியாக வெட்டினால் மொத்தத் தொகை பெரிதாகக் குறையாது. ஆனால் ஒரே அடியாக 1,800 ரூபாய் கட்ட முடியாத கூலிக்காரர் மாதம் 900 கட்டிவிடுவார். அதுவே பெரிய ஆறுதல்.

ஆகவே நாம் கோருவது இவை: 500-ஐத் தாண்டினால் பழைய சலுகையைப் பிடுங்கும் விதி ஒழிய வேண்டும். தேதி தவறினால் நாள் கணக்குப்படி விகித எல்லையை நீட்ட வேண்டும். தனிச் சமையல் நடத்தும் குடும்பத்துக்குத் தனி இணைப்புத் தடையின்றிக் கிடைக்க வேண்டும். காலி இடங்களை நிரப்பி மாதக் கணக்கு எடுக்க வேண்டும். மீட்டர் பொதுத்துறையின் கையிலேயே இருக்க வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கலாமா? கணக்கெடுத்த தேதியையும் மீட்டர் எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வையுங்கள். நாளுக்கு எட்டு யூனிட்டுக்கு மேல் போனால் உஷார்! தேதி தவறிப் பில் எகிறினால் வாயால் திட்டிவிட்டுக் கட்டாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள். பலிக்காவிட்டால் 2003 மின்சாரச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தனி ஆளாகப் போனால் அலைக்கழிப்பார்கள். தெருவே சேர்ந்து போனால் நாற்காலி போட்டுப் பேசுவார்கள்.

1970-ல் ஒரு பைசாவுக்காகக் கொங்கு நாட்டு விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூரில் குண்டடிபட்டு மூன்று பேர் உயிர் கொடுத்தார்கள். இன்று விவசாயி பம்புசெட்டுக்குக் கட்டணம் இல்லை என்றால், அது எந்த மந்திரியின் கருணையும் அல்ல. அந்த ரத்தத்தின் விலை. கணக்கைப் புரிந்துகொண்ட ஜனங்களை ஏமாற்ற எந்த மீட்டராலும் முடியாது. கணக்கைக் கற்போம்; கூடிக் கேட்போம்!