செயலி காட்டும் வானம்

செல்பேசியை வானோக்கிப் பிடித்ததும் விண்மீனின் பெயர் தெரிகிறதாம். ஆகவே மீகாமன் கலை அனைவர்க்கும் கைவந்துவிட்டதாம். இது தலைகீழ் வாதம். செயலி, நம் இடத்தைச் செயற்கைக்கோள்வழி முன்னரே அறிந்து வானத்தை வரைகிறது. மீகாமனோ வானத்தைக் கொண்டு இடத்தை அறிந்தான். சோழமண்டலக் கடலோடிகள் இராப்பலகையின் முடிச்சுக் கயிற்றைப் பல்லாற் கடித்துத் துருவமீனின் உயரத்தை அளந்தனர். தென்காசியில் அவ்வுயரம் ஏறத்தாழ 9 பாகை. ஊரின் அட்சரேகையும் அதுவே.

குற்றாலச் சாரல் ஓய்ந்த தெளிந்த இரவில், வெட்டவெளியில் நின்று, செயலியை மூடிவிட்டுச் செல்பேசியின் சாய்வுமானியால் மட்டும் அதனை அளந்து பாருங்கள். ஒரு பாகை குறைந்தால் 111 கிலோமீட்டர் பிழை. தென்காசியில் நிற்பவர் குமரிக்கும் தெற்கே கடலில் நிற்பார்! கருவியைப் பழிக்கவில்லை. அளப்பவர்க்கு அது இராப்பலகை. பெயர் படிப்பவர்க்கு வெறும் படப்பலகை.