பேர் இங்கே, ரெக்கார்டு அங்கே

"ஐஸ் ஹாக்கி பற்றி எழுதப் போகிறேன்" என்றதும் தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். ஃப்ரிட்ஜில் ஐஸ் ட்ரேயில் தண்ணீர் ஊற்றி வைக்கத் துப்பில்லாத மனுஷன் ஐஸ் ஹாக்கியைப் பற்றி என்ன எழுதிக் கிழிக்கப் போகிறான் என்று அதற்கு அர்த்தம். நியாயம்தான். ஸ்கேட்டைக் காலில் மாட்டியதுகூட இல்லை. முன்பு ஒரு ப்ராஜெக்டில் கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர் ஒருவரோடு தினமும் ராத்திரி ஃபோனில் பேச வேண்டியிருந்தது. வேலைப் பேச்சு பத்து நிமிஷம், அவர் ஊர் டீம் பேச்சு இருபது நிமிஷம். எனக்கு இருக்கும் ஐஸ் ஹாக்கி ஞானம் அங்கே ஆரம்பித்ததுதான்.

அந்த டீம் வின்னிபெக் ஜெட்ஸ். நம்மை மாதிரி பெட்டி கட்டிக்கொண்டு வெளியூர் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்பது என் கட்சி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

1972-ல் ஆரம்பிக்கிறது. வட அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்கு என்.எச்.எல்.தான் பெரிய லீக். அதற்குப் போட்டியாக டபிள்யூ.எச்.ஏ. என்று இன்னொன்று கிளம்பியது. நம் ஊரில் 2007-ல் ஐ.சி.எல். கிளம்பிய மாதிரி. அதில் ஒரு டீம்தான் ஜெட்ஸ். சிகாகோவில் ஆடிக்கொண்டிருந்த சூப்பர் ஸ்டார் பாபி ஹல்லை 10 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து இழுத்தார்கள். லீகின் மற்ற டீம்களும் அதற்குப் பங்கு போட்டன. ஊர் நடுவே போர்ட்டேஜ் அவென்யூவும் மெயின் தெருவும் சேரும் நாற்சந்தியில், ஊரே வேடிக்கை பார்க்க, பெரிய சைஸ் செக் ஒன்றை நீட்டினார்கள்.

1974-ல் இன்னொரு காரியம் செய்தார்கள். ஹெட்பெர்க், நில்சன் என்று ஸ்வீடன் ஆட்டக்காரர்களை அழைத்து வந்தார்கள். ஐரோப்பாக்காரன் மென்மையானவன், நம் அடிதடிக்குத் தாங்கமாட்டான் என்று அங்கே பலரும் இளக்காரமாகப் பேசிய காலம். வாங்கிய அடிகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஹல்லோடு சேர்ந்து அவர்கள் ஆடிய வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. 1976, 1978, 1979 என்று மூன்று முறை லீகின் கோப்பை வின்னிபெக்குக்கு வந்தது. (கடைசி முறை ஸ்வீடன்காரர்கள் இருவரும் நியூயார்க் போய்விட்டிருந்தார்கள்.)

1979-ல் டபிள்யூ.எச்.ஏ. மூடப்பட்டு, ஜெட்ஸ் உட்பட நான்கு டீம்கள் என்.எச்.எல்.லில் சேர்ந்தன. சேர்ந்ததற்கு தண்டனை மாதிரி, பழைய என்.எச்.எல். டீம்கள் தங்களுக்கு உரிமை இருந்த ஆட்டக்காரர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டன. விளைவு, 1980-81 சீசனில் ஜெட்ஸ் ஆடிய 80 ஆட்டங்களில் ஜெயித்தது 9. தொடர்ந்து 30 ஆட்டம் ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த வருஷம் 18 வயது டேல் ஹவர்சக் வந்தார், டீம் எழுந்து நின்றது. ஆனாலும் 1983-லிருந்து 1990-க்குள் ஆறு முறை ப்ளே-ஆஃபில் எட்மன்டனிடம் மோதி ஆறு முறையும் தோற்றார்கள். 1992-93-ல் ஃபின்லாந்திலிருந்து வந்த டீமு செலானி முதல் சீசனிலேயே 76 கோல் அடித்தார். புதுமுகம் ஒருவர் அதற்கு முன் அடித்த அதிகபட்சம் 53.

இவ்வளவு இருந்தும் 1996-ல் டீம் ஊரை விட்டுப் போனது.

காரணம் சம்பளம் வாங்குகிற நமக்கெல்லாம் புரிகிற காரணம்தான். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் அமெரிக்க டாலரில். டிக்கெட் வசூல் கனடா டாலரில். அப்போது ஒரு கனடா டாலருக்கு சுமார் 73 அமெரிக்க சென்ட்தான். சம்பளமோ வருஷா வருஷம் எகிறுகிறது, உச்சவரம்பு கிடையாது. ஊர் ஜனத்தொகை ஆறேழு லட்சம். அரங்கம் பழசு. அதற்காக ஊர் சும்மா இருக்கவில்லை. 1995 மே மாதம் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் திரண்டார்கள். சின்னப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் காசு கொண்டுவந்தார்கள். ஒரு வருஷம்தான் தள்ளிப்போட முடிந்தது. 1996 ஏப்ரல் 28, டெட்ராய்டிடம் 4-1 தோல்வி, அதோடு கடை மூடியது. டீம் போன இடம் அமெரிக்காவில் ஃபீனிக்ஸ். பாலைவனம்! பேரும் கயோட்டீஸ் என்று மாறியது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நம் ரஞ்சி டீமை யாரும் ஜெய்ப்பூருக்கு விற்க முடியாது. என்.எச்.எல். டீம் அப்படி இல்லை, முதலாளியின் சொத்து. லீக் சரி என்றால் கூரையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். போகும்போது சரித்திரத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம். செலானியின் 76 கோலும் ஹவர்சக்கின் அத்தனை பாயிண்டும் ஃபீனிக்ஸ் டீமின் ரெக்கார்டு புத்தகத்துக்குப் போய்விட்டன.

அடுத்தது 2011. என்.எச்.எல். சம்பளத்துக்கு 2005-ல் உச்சவரம்பு வந்திருந்தது. கனடா டாலரும் அமெரிக்க டாலரும் கிட்டத்தட்ட சமம். வின்னிபெக்கில் 2004-ல் புது அரங்கம் கட்டியாயிற்று. வெறும் 15,000 சீட்டுதான், ஆனாலும் அரங்கம். அமெரிக்காவில் அட்லான்டா த்ராஷர்ஸ் என்ற டீம் தள்ளாடிக்கொண்டிருக்க, அதை மே 31 அன்று வாங்கி வின்னிபெக்குக்குக் கொண்டுவந்தார்கள். சீசன் டிக்கெட் 13,000 விற்றாக வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பொதுவிற்பனை ஆரம்பித்த 17 நிமிஷத்தில் தீர்ந்தது. டீமுக்குப் பழையபடி ஜெட்ஸ் என்றே பேர் வைத்தார்கள்.

பேர் திரும்பி வந்தது, ரெக்கார்டு வரவில்லை. புது ஜெட்ஸின் அதிகாரபூர்வ சரித்திரம் 1999-ல் அட்லான்டாவில் ஆரம்பிக்கிறது. இந்தக் குழப்பத்தில் நடந்த கூத்தைப் பாருங்கள். பாபி ஹல்லின் 9-ம் நம்பர் சட்டையை மரியாதைக்காக வின்னிபெக்கில் யாருக்கும் தராமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த மரியாதையும் ஃபீனிக்ஸுக்குப் போயிற்று. 2005-ல் ஹல்லின் மகன் பிரெட் அங்கே ஆட வந்து அப்பா நம்பரை வாங்கிப் போட்டுக்கொண்டு 5 ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். 2011-ல் அட்லான்டாவிலிருந்து வந்த இவாண்டர் கேன் 9-ம் நம்பரோடேயே வின்னிபெக்கில் இறங்கினார். புத்தகப்படி அந்த நம்பர் அங்கே காலி! ஹல்லின் சம்மதத்தோடுதான் போட்டுக்கொண்டார் என்பது ஆறுதல்.

நமக்கும் இது புதுசில்லை. 2009 ஐ.பி.எல். கோப்பையை ஜெயித்தது ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ். 2012-ல் அந்த டீமின் கதை முடிந்தது. 2013-ல் அதே ஊரில் சன்ரைசர்ஸ் வந்தது. புத்தகப்படி 2009 கோப்பை சன்ரைசர்ஸுக்குச் சேராது. ஆனால் 2009-ல் தெருவில் பட்டாசு வெடித்த ஹைதராபாத் பையனிடம் போய், அந்தக் கோப்பை உன்னுடையது இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

என் கருத்தும் அதுதான். டீம் முதலாளிக்குச் சொந்தமாக இருக்கலாம். டீமின் சரித்திரம் அதைப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொந்தம். மைனஸ் 30 குளிரில் கார் கிளம்பாமல் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தானே, 30 ஆட்டம் ஜெயிக்காத டீமுக்கு 31-வது ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தானே, அவன் பேரில்தான் பட்டா. வின்னிபெக்காரர்கள் இதைப் புத்தகத்துக்குக் காத்திராமல் செய்துகொண்டார்கள். 2016-லிருந்து பழைய ஜெட்ஸ் ஆட்டக்காரர்களை வரிசையாக அழைத்துக் கௌரவித்தார்கள். ஹவர்சக் 2020-ல் காலமானார். 2022-ல் ஊர் நடுவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதே வாதத்தை நேர்மையாகக் கொஞ்சம் நீட்டினால் இடிக்கிறது. ஃபீனிக்ஸ்காரனும் பார்த்தானே? ஷேன் டோன் 1995-ல் வின்னிபெக்கில் ஆட ஆரம்பித்தவர். டீமோடு பாலைவனத்துக்குப் போய் 2017 வரை அங்கேயே ஆடினார். கேட்டால் எந்த ஊர்க்காரர் என்பார்? அவர் மகன் ஜாஷ் 2024 மார்ச்சில் அதே டீமுக்கு முதல் ஆட்டம் ஆடி 2 கோல் அடித்தார். அடுத்த மாதமே டீம் ஃபீனிக்ஸையும் காலி செய்துவிட்டு யூட்டா மாநிலத்துக்குப் போய்விட்டது! இன்று என்.எச்.எல்.லின் பெரிய ஸ்டார்களில் ஒருவரான ஆஸ்டன் மேத்யூஸ் அந்தப் பாலைவனத்தில் கயோட்டீஸ் ஆட்டம் பார்த்து வளர்ந்த பையன். அட்லான்டா கதை இன்னும் மோசம். 1980-ல் ஒரு டீம் கால்கரிக்குப் போனது, 2011-ல் இன்னொன்று வின்னிபெக்குக்கு. இரண்டு தடவையும் கனடாவில் கொண்டாட்டம், அட்லான்டாவில் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார்கள். ஆக, பட்டாவில் ஒரு பேர்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வின்னிபெக் பையனுக்கு 1985, ஃபீனிக்ஸ் பெண்ணுக்கு 2012. இரண்டும் செல்லும்.

(2024-ல் ஆட்டக்காரர்கள் யூட்டாவுக்குப் போனார்கள். பேரும் ரெக்கார்டும் பழைய முதலாளியிடமே விடப்பட்டன. வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன அந்த 76 கோல் இப்படி ஆடாத ஒரு டீமின் கணக்கில் போய் நின்றது.)

என்னை நிஜமாகவே உறுத்துவது இதற்கு அடுத்தது. 17 நிமிஷத்தில் டிக்கெட் வாங்கிய ஊர் என்று சொன்னேன் இல்லையா? கொரோனாவுக்குப் பிறகு அந்த 13,000 சீசன் டிக்கெட் 2023-24-ல் 9,500-க்கும் கீழே இறங்கியது. இப்படியே போனால் ரொம்ப நாள் தாங்காது என்று டீம் தலைவர் மார்க் சிப்மன் வெளிப்படையாகவே பேசினார். டீம் மோசமாக ஆடியதா என்றால் அதுவும் இல்லை. அடுத்த சீசனில் 116 பாயிண்ட் எடுத்து லீகிலேயே முதலிடம். விலைவாசி, வீட்டிலேயே டிவி, இன்னும் எத்தனையோ காரணம் இருக்கும். ஆனால் 1996-ல் அழுத அதே ஊர் அது. உண்டியலை உடைத்த பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயது இருந்திருக்கும். போன டீமுக்காக அழுவது சுலபம். கையில் இருக்கிற டீமுக்கு, நவம்பர் மாதத்து செவ்வாய்க்கிழமை ராத்திரி, சுமாரான எதிரணியோடு ஆட்டம் என்றால், சோபாவை விட்டு எழுந்து போவதுதான் கஷ்டம்.

இப்போது ஏன் இந்தக் கதை என்பதற்கு வருகிறேன். புனேவில் இருக்கும் நமக்கு 2018 ஞாபகம் இருக்கும். காவிரிப் போராட்டத்தால் சி.எஸ்.கே.வின் சென்னை ஆட்டங்களை இங்கே மாற்றினார்கள். சென்னையிலிருந்து ரயில் நிறைய மஞ்சள் சட்டைகள் வந்து இறங்கின. கஹுஞ்சே மைதானத்தில் விசில் அடித்ததில் எனக்கு மூன்று நாள் தொண்டை கட்டியிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அதே தோனி புனே சட்டையில் ஆடினார். 2017 ஃபைனலில் 1 ரன்னில் கோட்டைவிட்ட அந்த புனே டீம் இன்று இல்லை. என் பையன் முதன்முதலில் ரசித்த டீம் அது. அவனுக்கு அதுதான் சொந்த ஊர் டீம், எனக்கு அது வாடகை வீடு. மேலே சொன்ன பட்டா விஷயத்தை எனக்குப் புரிய வைத்தவன் அவன்தான்.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு ஒன்று நடந்தது. 22 பிள்ளைகளோடு ஆரம்பித்து, தேய்ந்து, கடைசியில் 4 பேர். டீச்சரம்மா, "இனி முடியாதுங்க" என்று நிறுத்திவிட்டார். அன்றைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அழுகை பொம்மைகளை எண்ணினால் 22-ஐத் தாண்டும். நானும் ஒன்று போட்டேன். என் பையன் கடைசி மூன்று மாதமும் வகுப்புக்குப் போகவில்லை. ஞாயிறு காலை நீச்சல் இருந்தது. அதற்குக் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

தமிழ் எங்கேயும் போய்விடாது, எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. என் வீட்டுக்குள் அது யார் பேரில் இருக்கும் என்பதுதான் கேள்வி. வின்னிபெக் கதைப்படி பார்த்தால், போய் உட்கார்ந்தவன் பேரில்தான் இருக்கும்.

டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தேன். 10 பிள்ளைகள் நிச்சயம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிறார். என் வீட்டிலிருந்து இரண்டு பேர் கொடுத்தாயிற்று. இன்னும் 8 வேண்டும். 17 நிமிஷம் என்று கெடு வைக்கவில்லை. இந்த வாரத்துக்குள் சொன்னால் போதும்.