பிஸ்கட் டின்னில் என்ன இருந்தது?

போன வாரம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வீட்டு நீல நிற வட்ட பிஸ்கட் டின்னுக்குள்ள என்ன இருக்கும்?"

தொலைபேசி ஓயவே இல்லை. ஊசி நூல், சட்டைப் பொத்தான், பழைய தண்ணீர் பில், தாத்தாவின் மூக்குக் கண்ணாடி. ஒருவர் வீட்டிலும் பிஸ்கட் இல்லை! ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் மீன், பால் டின்தான் அரிசி அளக்கும் படி, அப்பாவின் பழைய டீ-சட்டைதான் தரை துடைக்கும் துணி. எல்லார் வீட்டுக் கதையும் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே நிகழ்ச்சியை முடித்தேன்.

எங்கள் வீட்டு டின்னைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை.

1998 ஜனவரி. நான் மூன்றாம் ஆண்டில் இருந்தேன். ஆறே மாதத்துக்கு முன் ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது, அப்போது நான்கு வெள்ளியைத் தாண்டியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு டாலர் தெரியுமா? அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்தார். முந்தைய ஆண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதாத தாள்களை வெட்டி அடுக்கினார். நூலை மெழுகுவர்த்தியில் இழுத்து, கோணி ஊசியால் ஓரம் தைத்தார். மேலே சீனர் கடை காலண்டர் தாளில் அட்டை. கோடு போட்ட தாளும் கட்டம் போட்ட தாளும் கலந்து, விரித்தால் படியாத ஒரு நோட்டு.

வகுப்பில் பக்கத்துப் பிள்ளை சிரித்தது. டீச்சர் கையில் எடுத்துப் பார்த்து, "யாரும்மா தைச்சது?" என்றார்.

"பக்கத்து வீட்டு அக்கா, டீச்சர்."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். வேறென்ன?

டீச்சரோ, "எவ்வளவு அழகா தைச்சிருக்காங்க! எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவாங்களான்னு கேளு" என்று சொல்லிவிட்டார்.

மாட்டிக்கொண்டேன். இரவு அம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திட்டவில்லை. மறுநாள் காலை பசியாறும் மேசையில் புது நோட்டு ஒன்று இருந்தது. "டீச்சர்கிட்ட குடு. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்கன்னே சொல்லு" என்றார். அப்படியே சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிள்ளானுக்கு அழைத்து, "அந்த நோட்டு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"டீச்சருக்குத் தைச்சதா? இல்லாம என்ன. உன்னோடதைவிட அதுக்கு நல்ல நூல் போட்டேன். ஒரே மாதிரி கோடு போட்ட தாளாப் பொறுக்கி எடுத்தேன்."

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் குரலில் ஒரு பெருமை. அந்தப் பாராட்டு யாருக்கு வந்தது என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். வாங்கிக்கொள்ளத்தான் நான் விடவில்லை.

தினமும் ஆயிரக்கணக்கானோர் கேட்கப் பேசுகிறேன். இந்த ஒரு வரியைச் சொல்ல மட்டும் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. அந்த டீச்சர் இன்றும் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை படிப்பவராக இருந்தால், அவருக்கு:

டீச்சர், அதை எங்க அம்மாதான் தைச்சாங்க.