தோழர்களே, சேர்ந்து படிப்போம்! இப்போதே படிப்போம்!

தோழரே, பாசிசத்தைத் தடுத்திருக்கவே முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

ஜெர்மனியில் 1928 தேர்தலில் ஹிட்லரின் நாஜி கட்சிக்கு நூற்றுக்கு மூன்று பேர்கூட ஓட்டுப் போடவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள். சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121. கம்யூனிஸ்டுகளுக்கு 100. கூட்டுங்கள்! 221! நாம்தான் அதிகம். ஆனால் சேரவில்லை. ஒருவரையொருவர் துரோகி என்றோம்.

ஆம், "என்றோம்" என்றுதான் சொல்கிறேன். அந்த ஜெர்மன் தொழிலாளிகள் நம்மவர்கள். அவர்கள் தோல்வி நம் தோல்வி.

1933 ஜனவரி 30. ஹிட்லரைப் பிரதமர் நாற்காலியில் உட்கார வைத்தார் ஜனாதிபதி ஹிண்டன்பர்க். பொது வேலைநிறுத்தம் என்றார்கள் கம்யூனிஸ்டுகள். பொறுங்கள் என்றது தொழிற்சங்கத் தலைமை.

பொறுத்தோம். நாடாளுமன்றம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை போனது. பொறுத்தோம். டாஹாவ் வதைமுகாம் திறந்தது. பொறுத்தோம். மார்ச் 23 அன்று சர்வாதிகாரச் சட்டம் வந்தது. குண்டர் படை சூழ்ந்து நிற்க, 94 சமூக ஜனநாயகவாதிகள் துணிந்து எதிர்த்து வாக்களித்தார்கள். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் அதற்குள் சிறையில், தலைமறைவில். அந்த 94 பேருக்கும் என் வணக்கம். ஆனால் காலம் கடந்துவிட்டது.

மே தினத்துக்குச் சம்பளத்தோடு விடுமுறை விட்டான் ஹிட்லர். போய்க் கலந்துகொள்ளுங்கள் என்றது சங்கத் தலைமை! பெர்லினில் டெம்பல்ஹோஃப் மைதானம் நிரம்பி வழிந்தது. மறுநாள், மே 2 காலை. நாடெங்கும் சங்க அலுவலகங்களுக்குள் ஹிட்லரின் பழுப்புச் சட்டைக் குண்டர்கள் புகுந்தார்கள். சங்கப் பணம் போனது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். டூயிஸ்பர்க் நகரில் நான்கு தோழர்களைச் சங்கக் கட்டடத்தின் நிலவறையிலேயே அடித்துக் கொன்றார்கள்.

இடையில் ஒரே ஓர் இரவு, தோழரே!

அதன்பின் தடுக்க யார் இருந்தார்கள்? யூதர்களின் அரசு வேலையை ஏப்ரலிலேயே பறித்தாயிற்று. 1935இல் குடியுரிமை போனது. 1938இல் பாஸ்போர்ட்டில் யூதர் என்று முத்திரை குத்தினார்கள். 1941இல் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம். பிறகு ரயில்.

கொலைக்கு அனுப்பிய அந்த ரயிலுக்கும் ரயில்வே கட்டணம் போட்டது. ஒருவழி. மூன்றாம் வகுப்பு. பத்து வயதுக்குக் கீழே அரை டிக்கெட். அரை டிக்கெட், தோழரே! ஒரு குமாஸ்தா உட்கார்ந்து அந்தக் கணக்கை எழுதியிருக்கிறான். சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். ரோமா மக்களைக் கொன்றார்கள். மாற்றுத்திறனாளிகளைக் கொன்றார்கள்.

படியுங்கள்! இந்த வரலாற்றைத் தேதி தேதியாகப் படியுங்கள். எந்தத் தேதியில் தடுத்திருக்கலாம் என்று கேட்டுக் கேட்டுப் படியுங்கள். படித்துவிட்டுத் தெருவைப் பாருங்கள். இன்று யாரைப் பட்டியல் எடுக்கிறார்கள்? யாருக்கு வீடு இல்லை என்கிறார்கள்? அவர் நம் சாதியா, நம் மதமா என்று கேட்காதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். நிற்கத் துணிவு உண்டா? நம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

சங்க அறையைத் திறவுங்கள். இந்த ஞாயிறே உட்காருவோம். வேறு கொடி பிடிக்கிறார் என்று நீங்கள் பேசாமல் இருக்கிறீர்களே ஒரு தோழர், அவரை முதலில் அழைத்து வாருங்கள்.