கடன்சொற்களால் கட்டப்படும் மலைவீடுகள்

இமாசலப் பிரதேசத்தின் குலுப் பள்ளத்தாக்கில் நகர் என்றொரு சிற்றூர் உண்டு. கல்லையும் தேவதாரு மரத்தையும் மாறிமாறி அடுக்கி அங்கே கட்டப்பட்ட பழைய அரண்மனை இன்று அரசு விடுதியாக இயங்குகிறது. 1905 ஏப்ரல் 4 அன்று நேர்ந்த காங்க்ரா நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். அந்த அரண்மனை நின்றது. அதன் சுவரைப் படமெடுக்காமல் திரும்பும் பயணிகள் குறைவு. அத்தகைய படங்களே இப்போது மலைச்சரிவுகளில் எழும் செல்வர்களின் ஓய்வில்லங்களுக்கு மூலவடிவமாகின்றன. சமகாலமும் மரபும் இணையும் வில்லா என்று விளம்பரங்கள் அவற்றை அழைக்கின்றன.

அத்தகைய வில்லாவை அருகில் சென்று பார்த்தால் அமைப்பு எளிதில் விளங்கும். கான்கிரீட் தூண்களும் விட்டங்களும் எடையைத் தாங்குகின்றன. அவற்றுக்கிடையே செங்கல் நிரப்பப்படுகிறது. அதன்மேல் மெல்லிய கற்பலகைகளை ஒட்டி, இடையிடையே மரச்சட்டங்களை ஆணியடித்துப் பொருத்துகிறார்கள். கல் எடையைத் தாங்கவில்லை, மரம் எதையும் பிணைக்கவில்லை. இரண்டும் உடுப்பாக மட்டுமே நிற்கின்றன.

மொழித்தொடர்பை ஆராய்வோர்க்கு இந்நிகழ்வு புதிதன்று. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு முதலில் பெயர்வன பெயர்ச்சொற்களே. தொடரமைப்பு பெயர்வதற்கு இரு சமூகங்கள் தலைமுறைக் கணக்கில் ஒன்றாக வாழ வேண்டியிருக்கிறது. 'பஸ்' தமிழுக்கு வந்தபோது ஆங்கில இலக்கணத்தை உடன் அழைத்து வரவில்லை. 'பஸ்ஸில்' என்று தமிழ் உருபை ஏற்றுக்கொண்டு அடங்கியது. மலைவீட்டின் மரமூலையும் அவ்வாறே கான்கிரீட்டின் இலக்கணத்துக்கு அடங்கிவிடுகிறது. மொழியில் இதனால் யாருக்கும் கேடில்லை. வீட்டில் நிலைமை வேறு. அங்கே இலக்கணம் என்பது எடை, மழை, பனி, நில அதிர்வு ஆகியவற்றோடு செய்துகொண்ட உடன்படிக்கை.

'வெர்னாகுலர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், வீட்டிலேயே பிறந்த அடிமையைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் இருக்கிறது. 1878இல் இந்தியமொழி இதழ்களின் வாயை அடைக்க இயற்றப்பட்ட சட்டமும் அப்பெயரையே தாங்கியிருந்தது. தமிழில் அதற்கு ஈடாக நிற்கும் 'வட்டார வழக்கு' இன்னும் நேர்மையான சொல். வழங்குவதுதான் வழக்கு. வழங்காதது எவ்வளவு அழகாயிருந்தாலும் வழக்காகாது.

நகர் அரண்மனையின் கட்டுமுறைக்குக் காட்குணி என்று பெயர். 'காட்' மரம், 'குணி' மூலை. பெயரே பொறியியலைச் சொல்லிவிடுகிறது. சுவரின் உள்முகத்திலும் வெளிமுகத்திலும் இணையாக இரு மரவிட்டங்கள் கிடத்தப்படும். குறுக்குக் கட்டைகள் அவற்றைப் பிணைக்கும். நடுவெளியில் கல் நிரப்பப்படும். அதன்மேல் சாந்தின்றிக் கல் வரிசை, மீண்டும் மரவிட்டங்கள். மூலையில் இரு சுவர்களின் விட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து பூட்டிக்கொள்ளும். நிலம் அதிரும்போது சாந்தில்லாத கற்கள் சற்றே அசைந்து உராய்கின்றன. அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி அந்த உராய்விலேயே செலவாகிவிடுகிறது. மரவிட்டங்களோ சுவர்கள் தனித்தனியே பிரிந்து சாயாதபடி வீட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டிய கச்சைபோல் பிடித்து நிற்கின்றன. கீழே கல் மிகுதி, மேலே போகப்போக மரம் மிகுதி. கனமான கீழ்த்தளத்தில் மாடுகள், மேலே மனிதர்கள். குளிர்காலத்தில் மாடுகளின் வெப்பம் மேல்தளத்தையும் எட்டும்.

அப்படியானால் வில்லாவை முழுமையான காட்குணியாகவே கட்டிவிடலாமே என்று தோன்றலாம். அது தவறான முடிவு. காட்குணி தேவதாருவை ஏராளமாக விழுங்கும் முறை. காட்டு மரத்தின்மேல் வழிவழி உரிமையுடைய கிராமத்தவர்க்கே இன்று அது அரிதாகிவிட்டது. ஆண்டில் சில வாரங்கள் தங்குவதற்கென ஒரு செல்வர் அவ்வளவு மரத்தை வாங்கிக் குவிப்பது மரபைக் காப்பதாகாது. சொல்லை விட்டுவிட்டு இலக்கணத்தைக் கடன் வாங்குவதே இங்கே செய்யத்தக்கது. அதற்கு வழியும் இருக்கிறது. வலுக்குறைந்த கற்கட்டுமானத்தை நிலநடுக்கத்துக்கு ஈடுகொடுக்கச் செய்வதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 13828, 1993இல் வெளியானது. அது வற்புறுத்துவனவற்றுள் முதன்மையானவை, சுவரைச் சுற்றி வெவ்வேறு மட்டங்களில் ஓட வேண்டிய கிடைப்பட்டைகளும் மூலைகளின் பிணைப்பும். காட்குணியின் மரவிட்டம் செய்துவந்த வேலையை இவை பெரிதும் செய்கின்றன. எடை தாங்கும் உண்மையான கற்சுவர், அதைச் சுற்றி மெல்லிய கான்கிரீட் பட்டைகள், மேல்தளத்தில் மட்டும் அளவான மரம் என்று ஒரு வீடு எழுந்தால் அது படத்தில் காட்குணி போல் தோன்றாமலிருக்கலாம். ஆனால் அதன் உறவுக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு.

காங்க்ராவின் வழக்கு வேறு: அங்கே பச்சைச் செங்கல், மண்பூச்சு, சிலேட்டுக் கூரை. ஜெர்மானியத் தந்தைக்கும் அமெரிக்கத் தாய்க்கும் பிறந்து, முறையான கட்டடக்கலைப் படிப்பே இல்லாமல் அங்கு வீடுகள் கட்டிய தீதி கான்ட்ராக்டர் 2021இல் 91 வயதில் மறைந்தார். அவருடைய மண்வீடுகள் கிராமத்து வீடுகளின் நகல்கள் அல்ல. அறைகளின் பங்கீடும் ஒளியை உள்ளே இறக்கும் விதமும் இக்காலத்தவை. மண், மூங்கில், சிலேட்டு ஆகியவற்றின் கணக்கு அவ்வூரினது. கலப்பு என்பதற்கு வகுப்பறையில் காட்டத்தக்க சான்று வேண்டுமானால் அவ்வீடுகள் போதும்.

அதே காங்க்ராவில் வில்லாக்கள் செய்யும் ஒரு பிழையையும் சுட்ட வேண்டும். தௌலதார் பனிச்சிகரங்கள் வடக்கே நிற்கின்றன. குளிர்காலச் சூரியனோ தெற்கே தாழ்ந்து செல்கிறது. வாங்குபவர் காட்சிக்குப் பணம் கொடுப்பதால் வடசுவர் முழுவதும் கண்ணாடியாகிறது. அதன்வழி வெயில் வராது, வெப்பம் வெளியேறும். பிறகு இரவெல்லாம் மின்அடுப்புகள் எரிகின்றன. காட்சியை விரும்புவது குற்றமன்று. வடக்கே அமர்ந்து பார்க்க ஓர் ஆழமான சிறு சன்னலும், தெற்கே பகலெல்லாம் வெயில் வாங்கும் அகன்ற திறப்பும் வைத்தால் இரண்டும் கிடைத்துவிடும்.

இவ்விடத்தில் கிராமத்தவரைக் குறைசொல்லும் பழக்கம் ஒன்று கல்விப்புலத்திலும் உண்டு: அவர்களே மண்ணைக் கைவிட்டுச் சிமென்டுக்கு ஓடுகிறார்களே என்று. இந்தியில் 'கச்சா' என்றால் காய், பழுக்காதது. 'பக்கா' என்றால் பழுத்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதல் வீட்டுவசதித் திட்டங்கள் வரை இவ்விரு சொற்களே வீடுகளைத் தரம் பிரிக்கின்றன. அப்பட்டியலில் மண்வீடு என்றும் காய்தான். அரசு உதவி 'பக்கா' வீட்டுக்கே கிடைக்கும்போது, மழையில் ஒழுகும் கூரையின்கீழ் இருப்பவர் வேறு எதைத் தேர்வார்? சிமென்ட் அவருக்கு மதிப்பு. நகரத்துச் செல்வருக்கு மண் அழகியல். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இரண்டாமவரிடம்தான் இருக்கிறது. ஆகவே பொறுப்பின் பெரும்பங்கும் அவருடையதே. மலைக்கிராமங்களின் கற்சுவர்க் கைவினைஞர்க்குத் தொடர்ந்து வேலை கொடுக்கக்கூடிய பணம் இன்று பெரும்பாலும் இந்த வில்லாக்கள் வழியாகவே மலைக்குள் வருகிறது. அப்பணம் கற்பலகை ஒட்டுவோர்க்குப் போனால், சுவர் எழுப்பத் தெரிந்தவரின் மகன் வாடகைக்கார் ஓட்டுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

மனையிலிருந்தே இந்தக் கலப்பு தொடங்க வேண்டும். சரிவை இயந்திரத்தால் வெட்டிச் சமதளமாக்கி, தடுப்புச்சுவர் எழுப்பி, அதன் விளிம்பில் நீச்சல்குளமும் அமைத்துவிட்டு, பிறகு சிலேட்டுக் கூரைக்கு நிறம் தேடுவதில் பொருளில்லை. 2023 ஆகஸ்டில் குலு மாவட்டத்தின் ஆனியில் பலமாடிக் கட்டடங்கள் சில நொடிகளில் சரிந்ததை நாடே திரையில் பார்த்தது. படிகளாக இறங்கும் சரிவில் வீடும் படியாக இறங்கலாம். மழைநீர் ஓடிய தடத்தில் அறை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தடம் எது என்பது வரைபடத்தில் இராது, மிஸ்திரிக்குத் தெரியும். தமிழின் மேஸ்திரியும் இந்தியின் மிஸ்திரியும் 'ஆசான்' என்று பொருள்படும் ஒரே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. ஆயினும் வில்லா ஒப்பந்தங்களில் அவர் வரைபடம் முடிந்தபின், தினக்கூலிப் பட்டியலில்தான் இடம் பெறுகிறார். மனையை வாங்கும் முன்பே, ஒரு மழைக்காலத்து நாளில், கட்டடக்கலைஞர் அவரோடு அந்தச் சரிவில் நடந்து ஊற்று எங்கே கசிகிறது, எந்தப் பாறை அசையாது என்று கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒருநாள் கூலி.